வாங்காத டிக்கெட்டுக்கு வந்த செக்

நம் ஊர் பேங்கில் செக் போட்டுப் பழகியவர்கள் மனத்தில் ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கும். செக்கைப் போட்டால் கிளியரிங்குக்குப் போகும். எழுதிக் கொடுத்தவர் கணக்கில் பணம் இருந்தால் நம் கணக்கில் ஏறும்; இல்லையென்றால் ரிட்டர்ன் ஆகும். பாஸ்புக்கில் வரவு விழுந்துவிட்டால் விஷயம் முடிந்தது. டிடி என்றால் பேச்சே இல்லை, பேங்கே தரும் பணம். இந்த நம்பிக்கையோடு அமெரிக்கா வந்து இறங்குகிறவர்களை, அதிலும் மகன் அல்லது மகள் வீட்டில் வந்து தங்கும் பெற்றோரை, ஒரு பழைய மோசடி சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள் பலர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இங்கே செக் நடமாடும் விதமே வேறு. அது தெரியாமல் போவதுதான் பாதிப் பேரைக் கவிழ்க்கிறது.

உறைக்குள் இருப்பது

தபால் பெட்டியில் ஒரு வெள்ளை உறை. அனுப்புநர் முகவரி இருக்காது. இருந்தாலும் வெறும் பி.ஓ. பாக்ஸ் எண்தான். உள்ளே கழுகுச் சின்னமும் தங்க முத்திரையுமாக ஒரு கடிதம். குலுக்கலில் உங்கள் பெயர் வந்திருக்கிறதாம், பரிசு 1,25,000 டாலராம். கூடவே ஒரு செக். அதில் உங்கள் பெயர் எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருக்கும். தொகை 3,870 டாலர். தொகை ஆளுக்கு ஆள் மாறும், கதை மாறாது. பரிசுக்கு வரி கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், பத்திரச் செலவு இருக்கிறது. அதற்கெல்லாம் நீங்கள் கைக்காசு போட வேண்டாம், முன்பணத்தை நாங்களே அனுப்பிவிட்டோம். இதைக் கணக்கில் போட்டுவிட்டு, கீழே இருக்கும் எண்ணில் உங்கள் ஏஜென்டைக் கூப்பிடுங்கள். கடைசி வரி: பரிசு கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சாமர்த்தியமெல்லாம் அந்த முன்பணத்தில் இருக்கிறது. காசு கேட்டு வருகிறவனை வாசலோடு அனுப்பத் தெரிந்தவர்கள்கூட, காசு கொண்டுவருகிறவனை உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்துவிடுவார்கள்.

அந்த உறையை மேஜையில் வைத்து, அதிலுள்ள ஊர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். கடிதத் தலைப்பில் ஸ்பெயின் நாட்டு லாட்டரியின் பெயர். தபால் முத்திரை கனடா. செக் ஒஹையோவில் இருக்கும் ஒரு கிரெடிட் யூனியனுடையது, அதுவும் ஏதோ ஒரு ஹார்டுவேர் கம்பெனியின் கணக்கிலிருந்து. ஏஜென்டின் போன் எண் 876-இல் தொடங்குகிறது. அது ஜமைக்காவின் ஏரியா கோடு. அமெரிக்கா, கனடா, ஜமைக்கா மூன்றுக்கும் நாட்டு எண் 1 என்பதால், பார்ப்பதற்கு உள்ளூர் எண் மாதிரியே இருக்கும். ஜமைக்காவில் லாட்டரி மோசடி பெருந்தொழிலாக வளர்ந்துபோய், அதை ஒடுக்க 2013-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். ஒரு பரிசைக் கொடுப்பதற்கு நான்கு நாடு எதற்கு?

இதைவிடச் சின்னக் கேள்வி ஒன்று இருக்கிறது: டிக்கெட் வாங்கினீர்களா? பவர்பால், மெகா மில்லியன்ஸ் போன்ற நிஜ லாட்டரிகளில், கடையில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் யார் என்று நடத்துகிறவர்களுக்கே தெரியாது. ஜெயித்தவர்தான் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசைக் கேட்க வேண்டும். மாநிலத்தைப் பொறுத்து 90 நாளிலிருந்து ஒரு வருடம்வரை கெடு. கெடு தாண்டிவிட்டால் எவ்வளவு பெரிய பரிசும் போனது போனதுதான், வீடு தேடி யாரும் கடிதம் போட மாட்டார்கள். 1968-இல் அரசு லாட்டரி வந்ததிலிருந்து 2003-இல் தடை வரும்வரை தமிழ்நாட்டில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் பேப்பரை விரித்து நம்பரைத் தேடியது நாம்தானே! இன்னொன்று: வெளிநாட்டு லாட்டரியைத் தபால் வழியாகவோ போன் வழியாகவோ ஆடுவது அமெரிக்க மத்தியச் சட்டப்படி தவறு.

டிக்கெட்டே இல்லாத குலுக்கல்களும் இங்கே உண்டு. ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்பார்கள். பப்ளிஷர்ஸ் கிளியரிங் ஹவுஸ் அதில் பெயர் பெற்றது. அந்தப் பெயரைத் திருடியும் போலிக் கடிதம் அடிக்கிறார்கள். முறையாக நடக்கும் எந்த ஸ்வீப்ஸ்டேக்ஸிலும் பரிசை வாங்க ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டியதில்லை.

பேங்க் ஏன் முந்திக்கொண்டு பணம் தருகிறது

ஒரு காலத்தில் அமெரிக்க பேங்குகள் செக்கை வாங்கி வைத்துக்கொண்டு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் பணத்தைக் கண்ணில் காட்டாமல் இழுத்தடித்தன. வாடிக்கையாளர்கள் கொதித்ததால் 1987-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. ஃபெடரல் ரிசர்வ் அதை ‘ரெகுலேஷன் சிசி’ என்ற விதிகளாக நடைமுறைப்படுத்துகிறது. போட்ட செக்குக்கு இத்தனை நாளுக்குள் பணம் எடுக்கவிட வேண்டும் என்று அது பேங்கைக் கட்டாயப்படுத்துகிறது. நம் ஊர் டிடி போல பேங்கே தன் பெயரில் தரும் கேஷியர்ஸ் செக்கை, அதில் பெயர் உள்ளவரே நேரில் போய்க் கவுன்டரில் கொடுத்தால், அடுத்த வேலைநாளில் பணம் எடுக்கலாம். தபால்துறை மணியார்டருக்கும் அப்படித்தான். சாதாரண செக் என்றால் 2025 ஜூலையிலிருந்து முதல் 275 டாலர் அடுத்த வேலைநாளிலேயே கிடைக்கும், மிச்சம் பெரும்பாலும் இரண்டாம் வேலைநாளில். கணக்கு புதிது, தொகை பெரிது, செக்கின் மேல் நியாயமான சந்தேகம் என்றால் பேங்க் இன்னும் சில நாள் நிறுத்திவைக்கலாம்.

இப்படி எடுக்கவிடுவது, தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு மளிகைக்கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு நோட்டில் குறித்துவைப்பது மாதிரி. நோட்டில் எழுதிய தொகை உங்கள் தலையில்தான் இருக்கிறது. செக்கை எழுதிய பேங்க் ‘இது எங்கள் செக் இல்லை’ என்று திருப்பி அனுப்பிய நொடியில், உங்கள் பேங்க் முழுத் தொகையையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்குச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் ஏஜென்டுக்கு அனுப்பிவிட்ட பணமும் அதில் சேர்த்திதான்.

செக்கின் படத்தையே அனுப்பித் தீர்த்துக்கொள்ள வழிசெய்த ‘செக் 21’ சட்டம் 2004-இல் நடைமுறைக்கு வந்தபின் செக்குகள் வேகமாகத் திரும்புகின்றன. இருந்தும் போலி வெளிப்படச் சில சமயம் வாரக்கணக்காகிறது. போலிச் செக்கில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் நிஜக் கம்பெனியின் நிஜக் கணக்கு எண். அங்கே பணமும் இருக்கும். அந்தக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர் ‘நாம் இப்படி ஒரு செக் எழுதவே இல்லையே’ என்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் எல்லாம் தலைகீழாகும்.

அப்போது உங்கள் கணக்கு மைனஸில் நிற்கும், அதற்குத் தனிக் கட்டணம் விழும். பேங்க் கணக்கையே மூடிவிட்டு, செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற பதிவேட்டில் உங்கள் பெயரைச் சேர்க்கவும் கூடும். அந்தப் பதிவு 5 வருடம்வரை நிற்கும். மற்ற பேங்குகளும் அதைப் பார்த்துத்தான் புதுக் கணக்கு தருகின்றன. இந்த நாட்டில் அப்போதுதான் கால் ஊன்றுகிறவருக்கு, போன பணத்தைவிட இது பெரிய அடி.

ஆகவே கவுன்டரில் போய் ‘கிளியர் ஆகிவிட்டதா?’ என்று கேட்காதீர்கள். அங்கே இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, பணம் எடுக்கலாம் என்ற அர்த்தத்தில் ‘யெஸ்’ என்று சொல்லிவிடுவார். ‘இதை எழுதிய பேங்க் பணம் கொடுத்துவிட்டதா, இனி இது திரும்பி வர வாய்ப்பு உண்டா?’ என்று கேளுங்கள். சந்தேகம் பலமாக இருந்தால், கணக்கில் வரவு வைக்காமல் கலெக்‌ஷனுக்கு அனுப்பச் சொல்லலாம். கட்டணம் பிடிப்பார்கள், நாளும் ஆகும். ஆனால் அந்தப் பக்கத்துப் பேங்க் பணம் தந்த பிறகுதான் உங்கள் கணக்கில் ஏறும்.

ஏஜென்டுக்கு ஏன் இத்தனை அவசரம்

போனில் பேசுகிறவர் மரியாதை குறையாமல் பேசுவார். வாழ்த்துவார், குடும்பத்தை விசாரிப்பார், சிலர் கடவுள் பெயரையும் சொல்வார்கள். தினமும் காலையில் கூப்பிட்டு ‘கணக்கில் தெரிகிறதா?’ என்று கேட்பார். தெரிகிறது என்றதும் குரல் மாறும். இன்று மாலைக்குள் வரியைக் கட்டாவிட்டால் பரிசு அடுத்தவருக்குப் போய்விடும் என்பார். கணக்கில் பணம் தெரிவதற்கும் செக் திரும்புவதற்கும் நடுவில் இருக்கும் சில நாள்தான் அவருடைய பிழைப்பு.

பணத்தை அனுப்பச் சொல்லும் வழிகள் காலத்துக்கேற்ப மாறிவந்திருக்கின்றன. முன்பு வெஸ்டர்ன் யூனியனும் மணிகிராமும். மோசடிப் பணம் தன் வழியாகப் போவதைத் தடுக்காமல் விட்டதற்காக வெஸ்டர்ன் யூனியன் 2017-இல் அமெரிக்க அரசோடு சமரசம் செய்துகொண்டு 58.6 கோடி டாலர் கட்டியது. இப்போது கிஃப்ட் கார்டு வாங்கிச் சுரண்டி எண்ணைப் படிக்கச் சொல்கிறார்கள், ‘ஸெல்’ (Zelle) என்ற பணப்பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பச் சொல்கிறார்கள், பிட்காயின் ஏடிஎம்முக்குப் போகச் சொல்கிறார்கள், பத்திரிகையின் பக்கங்களுக்கு நடுவே நோட்டுகளை வைத்துப் பார்சல் அனுப்பச் சொல்கிறார்கள். எந்த வழியில் போனாலும் திரும்ப வராது என்பதால்தான் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வரி என்று சொல்வது நம்பும்படிதான் இருக்கிறது. பரிசுக்கு வரி உண்டு என்பது நிஜம். ஆனால் 5,000 டாலருக்கு மேற்பட்ட லாட்டரி பரிசில், நடத்துகிறவர்களே 24 சதவீதத்தை மத்திய வரிக்காகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். டபிள்யூ-2ஜி என்ற படிவமும் தருவார்கள். அதற்கு மேலும் வரி வந்தால் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு நீங்களே நேராகக் கட்டுவீர்கள். நடுவில் ஏஜென்டுக்கு வேலையே இல்லை. கனடா லாட்டரி என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடலாம் போலிருக்கும்: கனடாவில் லாட்டரி பரிசுக்கு வருமான வரியே கிடையாது. கிழித்துவிடாதீர்கள், புகாருக்கு வேண்டும்.

செக்கை உற்றுப் பார்ப்பது

எல்லா வழிகாட்டிகளிலும் இதுதான் முதலில் வரும். நான் பின்னால் வைக்கிறேன், ஏனென்றால் நல்ல போலி பேங்க் ஊழியரையே ஏமாற்றும். இருந்தாலும் மட்டமான போலிகள் நிறையப் புழங்குவதால், பார்த்து வைப்பதில் நஷ்டமில்லை.

கையெழுத்துக் கோட்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நிஜச் செக்கில் பெரும்பாலும் அது கோடே அல்ல, பொடி எழுத்துகளின் வரிசை. ஜெராக்ஸ் எடுத்தால் அவை கரைந்து வெறும் கோடாகவோ புள்ளியாகவோ தெரியும். செக்கின் அடியில் இருக்கும் எண்களைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்த மையில் அச்சிட்டவை மங்கலாக இருக்கும். பளபளத்தால் சாதாரண பிரின்டர். வலது மூலையில் உள்ள செக் எண்ணும் அடியில் உள்ள செக் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அடியில் 9 இலக்கத்தில் ஒரு ரூட்டிங் எண் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கம் ஃபெடரல் ரிசர்வ் வட்டாரத்தைக் காட்டும்: 01 பாஸ்டன், 02 நியூயார்க், 07 சிகாகோ, 11 டாலஸ், 12 சான் ஃபிரான்சிஸ்கோ. சேமிப்பு நிறுவனங்களுக்கும் பல கிரெடிட் யூனியன்களுக்கும் இதோடு 20 கூடிவரும். டாலஸ் வட்டாரம் என்றால் 31. செக்கில் டெக்சஸ் முகவரி போட்டுவிட்டு எண் 02-இல் தொடங்கினால் கேள்வி கேட்கலாம். பேங்குகள் ஒன்றையொன்று வாங்கிக்கொண்டே இருப்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தபால்துறை மணியார்டரைப் பார்ப்பது இதைவிடச் சுலபம். உள்நாட்டு மணியார்டர் ஒன்று 1,000 டாலரைத் தாண்டாது. வெளிச்சத்தில் பிடித்தால் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முகம் நீர்க்குறியாகத் தெரியும். கூடவே ‘யுஎஸ்பிஎஸ்’ என்ற எழுத்துகளோடு ஒரு கருத்த இழை ஓடும்.

பேங்கைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள் என்றால், செக்கில் அச்சிட்ட போன் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். அந்த முனையிலும் அவர்களே இருப்பார்கள். மத்திய வைப்புக் காப்பீட்டு நிறுவனமான எஃப்டிஐசியின் ‘பேங்க்ஃபைண்ட்’ பக்கத்தில் பேங்கின் பெயரைத் தேடி, அங்கிருந்து நிஜ எண்ணை எடுங்கள். ‘இந்தக் கணக்கு இருக்கிறதா?’ என்ற கேள்வியால் பயனில்லை, இருக்கிறது என்பார்கள். இந்த எண்ணுள்ள செக்கை, இந்தத் தேதியில், இந்தத் தொகைக்கு, இந்தப் பெயரில் கொடுத்தீர்களா என்று கேளுங்கள்.

இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறிவிட்ட செக்கும் போலியாக இருக்கலாம். தேறாத இடம் ஒன்றுதான்: வந்த பணத்தில் ஒரு பங்கை வேறு யாருக்காவது அனுப்பச் சொல்கிறார்களா? அனுப்பச் சொன்னால் காகிதத்தை ஆராய வேண்டிய அவசியமே இல்லை. நிஜமாகப் பரிசு தருகிறவர் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குகிற வழக்கம் எங்கேயும் கிடையாது.

இதே அளவுகோல் லாட்டரிக்கு வெளியேயும் பொருந்தும். எஃப்டிசி என்னும் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2019-இல் மட்டும் போலிச் செக் பற்றி 27,000-க்கு மேல் புகார்கள் வந்தன. இருபது வயதுகளில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சிக்கியிருந்தார்கள். படிக்க வந்த மாணவருக்கு வருவது பரிசுக் கடிதம் அல்ல, வேலை. கடைகளை ரகசியமாகச் சோதிக்கும் வேலை, காரில் விளம்பரம் ஒட்டும் வேலை, பேராசிரியர் பெயரில் வரும் பகுதிநேர உதவியாளர் வேலை. முதலில் செக் வரும், ‘சம்பளத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இவருக்கு அனுப்பு’ என்ற உத்தரவு பின்னால் வரும். போனில் படம் பிடித்துப் போடும் செக்கை எந்த ஊழியரும் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பதில்லை என்பது மோசடிக்காரர்களுக்கு இன்னும் வசதி.

வீட்டில் பேசுவது

‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற அந்தக் கடைசி வரி நம் வீடுகளில் நன்றாகவே வேலை செய்கிறது. மகன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற உறுத்தல் உள்ள அப்பாவுக்கு, ஒருநாள் காலையில் பணத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைக்க வேண்டும் என்று ஓர் ஆசை இருக்கும். அவரைப் பிடித்து ‘இதைக்கூடவா நம்புவீங்க?’ என்றால் அடுத்த கடிதத்தை ஒளித்து வைப்பார். ‘மாமா, இந்த மாதிரி இங்க நிறையப் பேருக்கு வருதாம். பேங்க்ல போட்டுட்டா அப்புறம் நம்ம கணக்குல பிடிச்சுக்கறாங்களாம். வாங்க, பேங்க்லயே போய்க் கேட்டுட்டு வந்துடலாம்’ என்று மருமகள் சொல்வதில் அவருக்குக் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. பேங்க் மேனேஜர் வாயால் கேட்டால் நம்புவார், நாம் சொன்னால் வாதாடுவார். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

கடிதம் மட்டும்தான் வந்திருக்கிறது என்றால், வேடிக்கை பார்க்கவோ திட்டவோ அந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். பேசினாலே உங்கள் பெயர் ‘பேசக்கூடியவர்’ பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலை ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள்.

பணம் போன பிறகு

செக்கைப் போட்டாகிவிட்டது, ஆனால் இன்னும் அனுப்பவில்லை என்றால் நிலைமை கைக்குள் இருக்கிறது. அந்தத் தொகையில் கை வைக்காமல், அன்றைக்கே கிளைக்கு நேரில் போய், செக் போலி என்று சந்தேகப்படுவதாகச் சொல்லுங்கள். கடிதம், உறை இரண்டையும் கொண்டுபோங்கள். நாமாக முன்வந்து சொல்வதற்கும், செக் திரும்பி வந்தபின் பேங்க் நம்மைக் கூப்பிட்டுக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அனுப்பிவிட்டீர்கள் என்றால் நேரம்தான் கணக்கு. வயர் அனுப்பியிருந்தால் அனுப்பிய பேங்கை உடனே கூப்பிட்டு, திரும்பப் பெற முயலச் சொல்லுங்கள். கிஃப்ட் கார்டு என்றால் கார்டையும் ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு, கார்டு கொடுத்த கம்பெனியைக் கூப்பிடுங்கள். எண்ணைப் படித்துச் சொன்ன பிறகும் சில சமயம் மிச்சத் தொகையை முடக்க முடிகிறது. நோட்டுகளைத் தபாலில் அனுப்பியிருந்தால், பார்சல் போய்ச் சேருமுன் வழிமறிக்கும் சேவையைத் தபால்துறை நடத்துகிறது, டிராக்கிங் எண் வேண்டும். பிட்காயின் போனால் பெரும்பாலும் போனதுதான்.

புகார் கொடுக்க எஃப்டிசியின் ‘ரிப்போர்ட்ஃபிராடு’ தளம் இருக்கிறது. தபாலில் வந்தது என்பதால் தபால்துறையின் புலனாய்வுப் பிரிவுக்கும் 1-877-876-2455 என்ற எண்ணில் சொல்லுங்கள். முதியவர்களுக்காக இயங்கும் ஏஏஆர்பி அமைப்பின் மோசடி உதவி எண் 877-908-3360. உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. கனடாவில் இருப்பவர்களுக்கு மோசடித் தடுப்பு மையம், 1-888-495-8501.

இதெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து இன்னொரு போன் வரலாம். அரசு அதிகாரி என்றோ வக்கீல் என்றோ சொல்லிக்கொண்டு, நீங்கள் இழந்த தொகையைச் சரியாகச் சொல்லி, மீட்டுத் தருகிறேன், சின்னக் கட்டணம் மட்டும் போதும் என்பார்கள். பட்டியலை விலைக்கு வாங்கிய அடுத்த கும்பல் இது. தொகை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருப்பதே அதற்குச் சாட்சி. மோசடிப் பணத்தைத் திருப்பித் தர எஃப்டிசி எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. அழைப்பு வந்த எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, முன்பு கொடுத்த புகாரோடு சேர்த்து எழுதிப் போடுங்கள்.